மூன்றாவது சக்கரத்தின் கணக்கு

பழைய புல்லட் வாங்கப் போகிறவர் முதலில் சத்தத்தைக் கேட்பார். அந்த வண்டியில் சைடுகாரும் இருந்தால் சத்தத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் குனிந்து டயரைப் பார்க்க வேண்டும். சைடுகார் மாட்டிய வண்டி வளைவில் சாயாது. சாயாத வண்டியின் டயர் நடுவில் தட்டையாகத் தேயும், அது இயல்பு. ஆனால் ரப்பர் கட்டங்கள் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் மட்டும் கூர் தட்டி, உள்ளங்கையால் தடவும்போது ஒரு திசையில் வழுக்கி மறுதிசையில் ரம்பப் பல்லாகக் கீறினால், அந்த வண்டி ஓடிய தூரமெல்லாம் பக்கவாட்டில் இழுபட்டே ஓடியிருக்கிறது என்று பொருள். சைடுகாரை மாட்டியவர் அளவு பார்க்காமல் மாட்டியிருக்கிறார். அப்படி இழுபட்ட வண்டியில் சேஸிஸ், கோன்செட், ஸ்போக்ஸ், ஸ்விங் ஆர்ம் புஷ் எல்லாமே அடி வாங்கியிருக்கும்.

ஆற்காட்டுப் பக்கம் ஓர் அரிசி மண்டியின் பின்கட்டில் சாக்குகளுக்கு நடுவே நின்ற 350 சி.சி. புல்லட்டின் டயர் இப்படித்தான் கீறியது. எழுபதுகளின் வண்டி. இடதுபுறம் தகரச் சைடுகார். அடிப்பலகை உளுத்து, உட்காரும் இடத்தில் தரை தெரிந்தது. அப்படியும் வாங்கினேன். ஏனென்றால் சைடுகாரை வண்டியோடு பிணைக்கும் நான்கு மூட்டுகளும் உடையாமல் இருந்தன, ஆர்.சி. புத்தகத்தில் சைடுகாரும் பதிவாகியிருந்தது. இந்த இரண்டும் இருந்தால் மற்ற எதையும் ஆவடியில் என் வீட்டுப் பின்புறத்து ஷீட் கொட்டகையிலேயே சரிசெய்துவிடலாம்.

வண்டியை வீட்டிலேயே மீட்டெடுப்பது இப்போது பலருக்கும் ஆசையாகியிருக்கிறது. மகிழ்ச்சியான விஷயம். ஆனால் நான் பார்த்த பல வேலைகள் குரோமியத்தில் தொடங்கி பெயின்டில் முடிகின்றன. தனி மோட்டார் சைக்கிளுக்கு அது ஓரளவு ஒத்துவரும். சைடுகார் வண்டிக்கு ஒத்துவராது. சைடுகாரை மாட்டிய நிமிடமே மோட்டார் சைக்கிள் முடிந்துபோய் வேறொரு வண்டி பிறந்துவிடுகிறது. அது திரும்பும் விதம் வேறு, நிற்கும் விதம் வேறு, இன்ஜின் சுமக்கும் பாரம் வேறு. இதை மனதில் வைத்து வேலையைத் தொடங்காதவர் கையில் கிடைப்பது அழகான, ஓட்ட முடியாத ஒரு பொருள்.

ரெட்டிட்சில் பிறந்து ஒற்றியூரில் வாழ்ந்த வண்டி

புல்லட்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் பாசம் மட்டும் இல்லை. இங்கிலாந்தின் ரெட்டிட்ச் நகரில் இருந்த என்ஃபீல்டு கம்பெனி 1901-இல் தன் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கைகோத்து என்ஃபீல்டு இந்தியா உருவானது. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. இந்திய ராணுவத்துக்கு எல்லைக் காவலுக்கு உறுதியான வண்டி தேவைப்பட்டதுதான் இதற்கெல்லாம் முதல் தூண்டுதல். ரெட்டிட்ச் ஆலை 1967-இல் மூடியது. 1970-க்குப் பிறகு இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டே இல்லை. திருவொற்றியூரில் மட்டும் அதே இன்ஜின் அச்சு மாறாமல் வந்துகொண்டிருந்தது. 1977-இல் மெட்ராஸ் புல்லட் கப்பலேறி இங்கிலாந்துக்கே விற்பனைக்குப் போனது. வார்ப்பிரும்பு சிலிண்டர் போட்ட அந்தப் பழைய இன்ஜினுக்கு ஓய்வு கொடுத்து, கியர்பாக்ஸும் சேர்ந்த புதிய இன்ஜின் வந்தது 2008-க்கு மேல்தான்.

வீட்டில் வேலை செய்கிறவனுக்கு இந்த வரலாற்றால் நேரடி லாபம் உண்டு. அரை நூற்றாண்டுக்கும் மேல் அதிகம் மாறாத இன்ஜின் என்பதால் உதிரி பாகம் இன்றும் கிடைக்கிறது. சென்னையில் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் பழைய புல்லட் என்று சொன்னால் யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். அதைவிட முக்கியம், இந்த வண்டி சொந்தக்காரனே திறந்து பார்க்கட்டும் என்று நினைத்துச் செய்யப்பட்டது. கிளட்ச் பக்க மூடியை நடுவில் இருக்கும் ஒரே ஒரு பெரிய நட்டைக் கழற்றினால் எடுத்துவிடலாம். டேப்பெட் சரிசெய்ய இன்ஜின் தலையைத் தொட வேண்டியதில்லை. சிலிண்டர் அடியில் சின்ன மூடி ஒன்றைத் திறந்தால் புஷ்ராடுகளின் கால் தெரியும். இன்ஜின் ஆறியிருக்கும்போது புஷ்ராடு மேலும் கீழும் ஆடக் கூடாது, ஆனால் விரல் நுனியால் உருட்டினால் சுழல வேண்டும். அவ்வளவுதான் அளவு. ஃபீலர் கேஜ் கூடத் தேவையில்லை.

சைடுகாருக்கும் தனிக் கதை உண்டு. கார் வாங்க முடியாத இங்கிலாந்துக் குடும்பங்களின் வாகனம் அது. 1922-இல் ஆஸ்டின் 7 கார் வந்தபோது சைடுகாரின் செல்வாக்கு சரியத் தொடங்கியது. 1959-இல் மினி வந்ததும் ஏறக்குறைய முடிந்துபோனது. நம் நாட்டில் ஸ்கூட்டருக்குக் காத்திருப்போர் பட்டியல் நீண்டிருந்த காலத்தில், அப்பா ஓட்ட, அம்மா பின்னால் உட்கார, பிள்ளைகள் சைடுகாரில் போன குடும்பங்களை இன்று அறுபதைத் தொடும் எவரும் நினைவில் வைத்திருப்பார்கள். 1975-இல் வந்த 'ஷோலே' படத்தில் அமிதாப்பும் தர்மேந்திராவும் வந்த பி.எஸ்.ஏ. வண்டியை அதற்குப் பிறகு பிறந்தவர்களும் அறிவார்கள். அந்தப் படத்தின் ஒரு பாட்டில் சைடுகார் தனியே கழன்று ஓடி, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி வண்டியோடு வந்து சேர்ந்துகொள்ளும். சேர்க்கும் வேலையைக் கையால் செய்தவர்கள் அந்தக் காட்சியை மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்க்க முடியும்.

முதலில் காகிதம்

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் பென்சிலை எடுக்க வேண்டும். சேஸிஸ் எண்ணின் மேல் மெல்லிய காகிதத்தை வைத்து பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் எண் பதியும். அதை ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். இன்ஜின் எண்ணுக்கும் அதே வேலை. பழைய வண்டிகளில் இன்ஜின் மாறியிருப்பது சகஜம், மாறியது ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

சைடுகார் சட்டத்துக்குப் புறம்பானது என்று பலர் நினைக்கிறார்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(27) பிரிவு, மோட்டார் சைக்கிள் என்றால் என்ன என்று வரையறுக்கும்போதே, கூடுதல் சக்கரத்தோடு கழற்றி மாட்டக்கூடிய சைடுகாரையும் அதற்குள் சேர்த்தே சொல்கிறது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அதே சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவில் உள்ளபடி இல்லாமல் வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது. ஆகவே ஆர்.சி.யில் ஏற்கெனவே சைடுகார் பதிவான வண்டியை வாங்குவதற்கும், தனிப் புல்லட்டை வாங்கிப் பிறகு சைடுகார் தேடுவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இரண்டாவது வழியில் போகிறவர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முதலில் பேசிவிட்டுப் பணத்தை எடுப்பது நல்லது.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. பதினைந்து ஆண்டு கடந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25. வண்டியை நேரில் காட்டியாக வேண்டும், புதுப்பித்தால் ஐந்து ஆண்டு செல்லும். ஐம்பது ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் மத்திய அரசு தனியாக விண்டேஜ் பதிவைக் கொண்டுவந்தது. பத்து ஆண்டு செல்லுபடி, தனி எழுத்து வரிசையில் நம்பர் பிளேட். ஆனால் அந்தப் பதிவில் வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்ட முடியாது; கண்காட்சி, விண்டேஜ் வண்டி அணிவகுப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான். தினமும் ஓட்டுவதற்கென்றே மீட்கும் வண்டிக்கு அது பொருந்தாது. நான் சாதாரணப் புதுப்பித்தலையே தேர்ந்தெடுத்தேன்.

எலும்பு நேராக இருக்கிறதா?

புதுப்பேட்டையில் புல்லட்டைத் தவிர வேறெதையும் தொடாத மேஸ்திரி ஒருவர் உண்டு. இன்ஜினைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனபோது அதை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"தம்பி, இன்ஜின எங்க வேணும்னாலும் பண்ணிக்கலாம். சேஸிஸ் நேரா இருக்கான்னு பாத்தியா?"

"வெளியில பார்த்தா நல்லாத்தான் இருக்குண்ணே."

"வெளியில பாத்தா எல்லாமே நல்லாத்தான் இருக்கும். நூல் புடிச்சுப் பாரு. சைடுகார் இழுத்த வண்டி அது."

அவர் சொன்னதன் பின்னால் காரணம் இருக்கிறது. இரண்டு சக்கர வண்டி வளைவில் சாய்வதால் அதன் சக்கரத்தில் விழும் பாரம் எப்போதும் சக்கரத்தின் நடுவழியாகவே தரைக்குப் போகிறது. சைடுகார் வண்டி சாய்வதில்லை. எனவே ஒவ்வொரு வளைவிலும் பக்கவாட்டு விசை ஸ்போக்ஸிலும் ரிம்மிலும் ஃபோர்க்கிலும் நேராக இறங்குகிறது. அதற்காக வடிவமைக்கப்படாத பாகங்கள் இவை. அதோடு பழைய புல்லட் சேஸிஸில் கீழ்ப்பக்கம் தொட்டில் கிடையாது. முன்னால் இறங்கும் ஒற்றைக் குழாய் இன்ஜின் பிளேட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து பின்பக்கம் வரை பாரத்தைத் தாங்குவது இன்ஜினின் உடம்பேதான். சைடுகாரின் முன் கீழ் மூட்டு வந்து சேர்வதும் சரியாக அந்த இடத்தில். பெயின்டைச் சுரண்டி எமரி போட்டு, மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, மேலே சாக்பீஸ் பொடி தூவி வையுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து பொடியில் மெல்லிய ஈரக்கோடு எழும். என் வண்டியில் கிளாம்ப் பிடித்த இடத்துக்குச் சற்று மேலே அப்படி ஒரு கோடு வந்தது. அதைச் சேஸிஸ் வேலை தெரிந்த வெல்டரிடம்தான் கொடுக்க வேண்டும். உள்ளே ஸ்லீவ் கொடுத்து ஒட்டுவது ஒன்று, மேலே வெறுமனே பற்று வைப்பது வேறு.

ஸ்போக்ஸைச் சோதிக்கச் சின்ன ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டினால் போதும். இறுக்கமானது கணீர் என்னும். தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். பின் சக்கரத்தில் மந்தமானவை வரிசையாக ஒரே பக்கத்தில் இருந்தன. ரிம்மைப் பிரித்துப் புது ஸ்போக்ஸ் கட்டச் சொன்னேன்.

இன்ஜின்: அவசரம் கூடாத இடங்கள்

இன்ஜின் வேலையைப் பற்றிப் புல்லட்காரர்கள் நிறையப் பேசியிருக்கிறார்கள். நான் சைடுகாரோடு சம்பந்தப்பட்டதை மட்டும் சொல்கிறேன்.

70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சி.சி., சுமார் 18 குதிரைத்திறன். தனி வண்டிக்கு இது போதுமானது. சைடுகாரும் அதில் ஓர் ஆளும் சேர்ந்தால் நூறு கிலோவைத் தாண்டிய கூடுதல் பாரம். இந்தப் பாரத்தோடு டாப் கியரில் திணறத் திணற இழுத்தால் முதலில் போவது பிக் எண்டு. அந்தக் காலத்துப் புல்லட்டில் கனெக்டிங் ராடின் அடியில் ரோலர் பேரிங் கிடையாது; எண்ணெய்ப் படலத்தில் மிதந்து சுழலும் ஒரு புஷ்தான் இருக்கிறது. எண்ணெய் ஓட்டம் நன்றாக இருந்தால் அது மிக நீண்ட காலம் உழைக்கும். மெதுவான வேகத்தில் பாரத்தைத் திணித்தால் அந்தப் படலம் நசுங்கிவிடும். அதனால் சைடுகார் வண்டிக்கு கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட்டில் ஒன்றிரண்டு பல் குறைவாகப் போட வேண்டும். வேகம் குறையும். குறையட்டும். இந்த வண்டியில் எண்பதைத் தொட ஆசைப்படுகிறவர் வேறு வண்டி வாங்கலாம்.

இன்ஜினைப் பிரிக்கும்போது கவனமாக இருக்க வேண்டிய இடம் டைமிங் பக்கம். கிராங்க் முனையில் ஆயில் பம்புகளை ஓட்டும் வார்ம் நட்டு, லெஃப்ட் திரெட். இது தெரியாமல் நெம்பி, கிராங்கையே கெடுத்துக்கொண்ட இன்ஜின்கள் புதுப்பேட்டையில் எத்தனையோ கிடக்கின்றன. இன்னொன்று, பழைய புல்லட்டின் நட்டுகளில் பல இங்கிலாந்து அளவில் வெட்டியவை. மில்லிமீட்டர் ஸ்பேனர் கிட்டத்தட்டப் பொருந்தும். கிட்டத்தட்டப் பொருந்தும் ஸ்பேனர்தான் நட்டின் முனைகளை உருட்டிவிடும். விட்வொர்த் அளவு ஸ்பேனர் செட் ஒன்றைப் பழைய சாமான் கடைகளில் தேடி வாங்கிவிட்டால் பாதி எரிச்சல் தீர்ந்தது.

போர் போடுவதை நல்ல லேத் பட்டறையில் கொடுத்தேன். ஓவர்சைஸ் பிஸ்டன் கையில் வந்த பிறகே சிலிண்டரைக் கொடுக்க வேண்டும், பிஸ்டனை அளந்து அதற்கேற்ப வெட்ட வேண்டும். மீதியெல்லாம் வீட்டில். பாயின்ட் செட், கண்டென்சர், காயில், வயரிங் முழுவதும் புதிது. நெடுநாள் நின்ற வண்டியில் எண்ணெய் மெல்லக் கசிந்து கிராங்க் கேஸுக்குள் இறங்கியிருக்கும். அதை வடிக்காமல் கிக்கரை மிதிக்கக் கூடாது. முதல் முறை ஓடவிடும்போது ராக்கருக்குப் போகும் எண்ணெய்க் குழாயின் முனையைச் சற்றே தளர்த்தி, அங்கே எண்ணெய் கசிந்து வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பம்ப் வேலை செய்கிறது. வராவிட்டால் அந்த நொடியே நிறுத்துங்கள்.

பெட்ரோல் டேங்கைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாயையும் டேப்பில் உள்ள கார்க்கையும் கெடுக்கும். குழாயை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிட வேண்டும். வண்டியை வாரக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிடுவதே பாதுகாப்பு.

கொத்தனார் கருவிகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை

இனி முக்கியமான வேலை. இதற்கு வேண்டியவை எந்த மெக்கானிக் ஷாப்பிலும் இல்லை, கொத்தனாரிடம் இருக்கின்றன. இரண்டு நீண்ட அலுமினிய மட்டக்கட்டை, ரசமட்டம், தூக்குக்குண்டு, நூல், டேப். மட்டமான தரையும் வேண்டும். என் கொட்டகைத் தரையில் தண்ணீரை ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தேன். ஓடாத ஓரத்தில் வண்டியை நிறுத்தினேன். காற்று சரியாக அடைத்திருக்க வேண்டும். ஓட்டுபவர் எடைக்கு யாரையாவது சீட்டில் உட்காரவைக்க வேண்டும், சைடுகாரில் ஒரு மணல் மூட்டை. பாரமில்லாமல் எடுத்த அளவு சாலையில் பொய்யாகிவிடும்.

முதல் அளவு, முன்தள்ளல்; அதாவது சைடுகார் சக்கரம் எவ்வளவு முன்னால் நிற்கிறது என்பது. சைடுகாரின் அச்சு வண்டியின் பின் அச்சுக்கு நேராக இருக்கக் கூடாது. அதைவிட 15 முதல் 25 செ.மீ. வரை முன்னே இருக்க வேண்டும். பின்னால் தள்ளிப்போனால் வலது வளைவில் வண்டி சைடுகாரின் மூக்கு மேல் கவிழப் பார்க்கும். மிகவும் முன்னே போனால் ஹேண்டில் கனக்கும், டயர் தேயும்.

இரண்டாவது, உள்நோக்கு. ஒரு மட்டக்கட்டையை வண்டியின் முன், பின் சக்கரங்களின் இடது பக்கத்தோடு ஒட்டித் தரையில் வையுங்கள். இன்னொன்றைச் சைடுகார் சக்கரத்தோடு ஒட்டி வையுங்கள். இரண்டு கட்டைகளுக்கும் நடுவில் உள்ள தூரத்தை முன் சக்கரத்துக்கு நேரே ஒரு முறை, பின் சக்கரத்துக்கு நேரே ஒரு முறை அளக்க வேண்டும். இரண்டும் சமமாக இருப்பதுதான் சரி என்று தோன்றும். அது தவறு. முன்னால் 10 முதல் 20 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும்; அதாவது சைடுகார் சக்கரம் வண்டியை நோக்கிக் கொஞ்சம் உள்ளே பார்க்க வேண்டும். சைடுகார் இடப்பக்கம் ஓர் இழுவை. ஒன்றும் செய்யாவிட்டால் வண்டி எந்நேரமும் இடது பக்கம் போய்க்கொண்டே இருக்கும். உள்ளே பார்க்கும் சக்கரம் அதை வலப்பக்கம் தள்ளி ஈடுகட்டுகிறது. இந்த அளவு அதிகமானால் டயர் தரையில் உராய்ந்து, மண்டியில் நான் பார்த்த அந்த ரம்பப் பல் வந்துவிடும்.

மூன்றாவது, சாய்வு. மோட்டார் சைக்கிள் நெட்டுக்குத்தாக நிற்கக் கூடாது. சைடுகாரை விட்டு விலகி வலப்பக்கம் ஒன்று முதல் இரண்டு டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். நம் சாலைகள் ஓரத்தை நோக்கிச் சரிந்திருப்பதால், இடது ஓரமாகப் போகும் வண்டியைச் சாலையே இடப்பக்கம் இழுக்கும். இந்தச் சாய்வுதான் அதற்கு மாற்று. ஒரு டிகிரியை வீட்டில் எப்படி அளப்பது? ஒரு மீட்டர் உயரத்தில் வண்டியின் நடுக்கோட்டிலிருந்து தூக்குக்குண்டை இறக்குங்கள். குண்டின் முனை டயரின் நடுவிலிருந்து 17 மி.மீ. தள்ளி நின்றால் ஒரு டிகிரி, 35 மி.மீ. என்றால் இரண்டு. ரசமட்டத்தைச் சைடுகார் சேஸிஸின் குறுக்குக் குழாய் மேல் வைத்து அது மட்டமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே மேல் மூட்டுகளில் உள்ள கைகளின் நீளத்தைத் திருகித் திருகி மாற்ற வேண்டும்.

மூன்று அளவுகளும் ஒன்றை ஒன்று கலைக்கும் என்பதுதான் இந்த வேலையின் பிடிவாதம். சாய்வைச் சரிசெய்தால் உள்நோக்கு நகர்கிறது. உள்நோக்கைப் பிடித்தால் முன்தள்ளல் சில மில்லிமீட்டர் ஓடிவிடுகிறது. நான்கு மூட்டுகளில் கீழ் இரண்டு பாரத்தைத் தாங்குகின்றன, மேல் இரண்டு நிலையைத் தீர்மானிக்கின்றன. கீழ் இரண்டையும் முதலில் பிடித்து, மேல் இரண்டில் பொறுமையாக விளையாடுவதே வழி. பக்கத்து வீட்டில் பூச்சு வேலைக்கு வந்திருந்த கொத்தனார் ஒருவர் சுவரோரம் நின்று பார்த்துவிட்டு, தாமாகவே உள்ளே வந்து குண்டைப் பிடித்துக்கொண்டார். வண்டியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது; நெட்டுக்குத்தும் மட்டமும் தெரியும். நூல் ஆடாமல் நிற்க, குண்டைத் தண்ணீர் டப்பாவுக்குள் தொங்கவிடச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அந்த மாலையில் வேலை முடிந்தது அவரால்.

பெயின்ட், பலகை

சைடுகார் உடலைப் பிரித்து துருவைச் சுரண்டி, ஓட்டை விழுந்த தகரத்தை வெட்டிப் புதுத் தகரம் வைத்து டிங்கரிங் செய்தோம். அடிப்பலகைக்கு மெரைன் பிளைவுட். ஓரங்களுக்கும் வார்னிஷ் அடித்தால்தான் மழையைத் தாங்கும். தண்ணீர் வடிய நான்கு மூலையிலும் துளை. நிறம், பழைய கறுப்பே.

டேங்கில் தங்கக் கோடுகளை ஸ்டிக்கராக ஒட்டிவிடச் சொன்னார்கள். மனம் ஒப்பவில்லை. திருவொற்றியூர் ஆலையில் அந்தக் கோடுகளை நீண்ட முடித் தூரிகையால், டேப் ஒட்டாமல், ஒரே மூச்சில் கையால் இழுக்கும் கலைஞர்கள் இருந்தார்கள். அதற்கு 'மெட்ராஸ் ஸ்டிரைப்ஸ்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. சென்னையில் போர்டு எழுதிப் பழகிய கை ஒன்றைத் தேடிப்பிடித்து வரைய வைத்தேன். கோடு ஓரிடத்தில் முடி அளவு தடித்திருக்கிறது. அப்படியே இருக்கட்டும், கையால் வரைந்தது என்பதற்கு அத்தாட்சி.

ஓட்டக் கற்றுக்கொள்வது

முப்பது ஆண்டுகள் பைக் ஓட்டியவர்தான் சைடுகாரில் முதலில் தடுமாறுவார். பைக்கில் உடம்பைச் சாய்த்தால் வண்டி திரும்பும். இதில் சாய்ந்தால் எதுவும் நடக்காது. போக வேண்டிய திசையில் ஹேண்டிலைக் கையால் திருப்பியே ஆக வேண்டும். ஆக்ஸிலேட்டரைத் திருகினால் வண்டி இடப்பக்கம் இழுக்கும். பிரேக் பிடித்தால் வலப்பக்கம் திரும்பப் பார்க்கும், ஏனென்றால் பெரும்பாலான சைடுகார் சக்கரங்களில் பிரேக் கிடையாது. சைடுகார் தன் போக்கில் முன்னே தள்ளிக்கொண்டு போகும். இந்த இரண்டும் பழகிவிட்டால் அவற்றையே வளைவுகளில் துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆபத்து இடது வளைவில் இருக்கிறது. வேகமாக இடப்பக்கம் திரும்பினால் சைடுகார் சக்கரம் தரையை விட்டு எழும்பும். ஆள் இல்லாத சைடுகார் இன்னும் எளிதாக எழும்பும். அப்போது பயந்து ஹேண்டிலை இன்னும் இடப்பக்கம் ஒடித்தால் கவிழும். நிதானமாக ஆக்ஸிலேட்டரைக் குறைத்து ஹேண்டிலை நேராக்கினால் சக்கரம் இறங்கிவிடும். இதை முதல் முறையாகச் சாலையில் சந்திக்கக் கூடாது. காலியான மைதானத்தில் குறைந்த வேகத்தில் இடப்பக்கமாக வட்டமடித்து, சக்கரம் எழும்பும் அந்த இடத்தை உடம்பால் அறிந்துகொள்ள வேண்டும். தனியாகப் போகும்போதெல்லாம் சைடுகாரில் மணல் மூட்டை கட்டாயம். மெதுவான வேகத்தில் ஹேண்டில் படபடவென்று ஆடினால் அது புல்லட்டின் ஃபோர்க் சைடுகாருக்காகச் செய்யப்படாததன் விளைவு. ஸ்டீயரிங் டேம்பர் போட்டால் அடங்கும்.

கிளப்பும் முறை மட்டும் மாறவில்லை. கிக்கரை மெல்ல அழுத்தி, ஹெட்லைட் மூடியில் உள்ள ஆம்ப்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை பார்த்து, டிகம்ப்ரஷரைப் பிடித்து ஓரளவு தாண்டவிட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து, ஒரே மிதி. என் அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது; மூட்டுவலியால் பைக்கின் பின்னால் கால் போட முடியாது. சைடுகாரில் தாமாகவே ஏறி உட்கார்ந்து, பூந்தமல்லி ரோட்டில் இருபுறமும் வேடிக்கை பார்த்துக்கொண்டு வருகிறார். கால் வைக்க ஒரு படி வேண்டும் என்று கேட்டார். பழைய கியர் லீவரை வெட்டி வெல்டிங் வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்குக் கடைசியாக ஒரு விஷயம். எவ்வளவு இறுக்கினாலும் புது கிளாம்ப் முதல் ஓட்டத்தில் சற்று இளகும். பெயின்ட் நசுங்கி இடம் கொடுக்கும். நூறு கிலோமீட்டர் ஓடியதும் வண்டியைத் திரும்பவும் அதே மட்டத் தரையில் நிறுத்தி, நான்கு மூட்டுகளையும் முறுக்கிப் பார்த்து, மூன்று அளவுகளையும் மறுபடி எடுங்கள். பிறகு ஒவ்வொரு நட்டின் மேலும் கிளாம்ப் மேலுமாகச் சேர்த்து வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். நட்டு இளகினால் கோடு உடைந்து காட்டும். காலையில் வண்டியை எடுக்கும் முன் குனிந்து ஒரு பார்வை பார்த்தால் போதும்.